நிற்கும்போது நனைகிறதா, ஓடும்போது நனைகிறதா?

கேள்வி: ஐயா, நானும் கணவரும் மினசோட்டாவில் இருக்கிறோம். போன அக்டோபரில் ஒரு விவசாயியின் கொட்டகையில் கிடந்த 1973 வின்னபேகோ பிரேவ் மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வீட்டு வண்டி) ஒன்றை வாங்கினோம். டாட்ஜ் எஞ்சின், நன்றாகவே ஓடுகிறது. தொல்லை தண்ணீர்தான். மழையில் ஓட்டி வந்தால், இடது பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் சாப்பாட்டு மேசை இருக்கையின் அடிப்பெட்டி சொதசொதவென்று ஆகிவிடுகிறது. கார்பெட் நாறுகிறது. வீல் ஆர்ச்சைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குத் தரைப் பலகை மெத்தென்று அமுங்குகிறது. கணவர் உள்ளிருந்து இரண்டு முறை சிலிகான் அடித்துப் பார்த்தார், ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஏப்ரலில் ஒரு வாரம் விடாத மழை. வண்டி வாசலில்தான் நின்றது, அப்போதும் அந்த இடத்தில் கொஞ்சம் ஈரம் இருந்தது. ஒரு பட்டறையில் கேட்ட கூலி, நாங்கள் வண்டிக்குக் கொடுத்த விலையைவிட அதிகம். வேலையை நானே செய்யலாம் என்றிருக்கிறேன். எந்த சீலன்ட் (இடுக்கு அடைக்கும் பசை) அடித்தால் ஒழுக்கு நிற்கும்? தரையைப் பெயர்க்காமல் முடியுமா? ஜூலையில் பிள்ளைகளோடு யெல்லோஸ்டோன் போக ஆசை.

பதில்: அம்மிணி, (எங்கள் கரூர்ப் பக்கம் தங்கை வயதுப் பெண்களை இப்படித்தான் கூப்பிடுவோம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்) சீலன்ட் பெயரைப் பின்னால் சொல்கிறேன். முதலில், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன். வண்டி வாசலில் நின்றபோதும் ஈரம் இருந்தது என்கிறீர்களே, அந்த வரி.

நிற்கிற வண்டியில் வீல் ஆர்ச் ஒழுகாது. அது கவிழ்த்து வைத்த பெட்டி, அடியில் டயர். வானத்திலிருந்து விழும் மழைக்கு அதற்குள் போக வழி கிடையாது. டயர் சுழன்று ரோட்டுத் தண்ணீரை வாரி மேலே அடித்தால்தான் அந்தப் பெட்டியின் இடுக்குகளில் தண்ணீர் ஏறும். ஆக, நின்றபோது வந்த ஈரம் மேலிருந்து வந்தது. ஜன்னலோ, கூரை விளிம்போ, விளக்கோ, ஏதோ ஒன்று. ஓட்டும்போது வரும் பெருவெள்ளம் கீழிருந்து வருவது. உங்கள் வண்டியில் இரண்டு ஒழுக்கு இருக்கிறது, இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. ஒன்றை மட்டும் அடைத்துவிட்டு அடுத்த மழையில் ஈரத்தைப் பார்த்தால், செய்த வேலையே வீண் என்று நினைத்துவிடுவீர்கள். பாதிப் பேர் வண்டியை விற்பது அந்த நாளில்தான்.

இந்த வண்டி எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்தால் மிச்சம் தானாகப் புரியும். வின்னபேகோ ஐயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டிக் கம்பெனி. 1966-இல் மோட்டார் ஹோம் கட்டத் தொடங்கினார்கள்; சில வருடங்களிலேயே மோட்டார் ஹோம் என்றாலே வின்னபேகோ என்று சனங்கள் சொல்லும் நிலை வந்தது. சுவருக்கு அவர்கள் பயன்படுத்தியது தெர்மோ பேனல் என்று பெயர் வைத்த அடுக்குப் பலகை. வெளியே மெல்லிய அலுமினியம், நடுவில் ஸ்டைரோஃபோம் (நம் ஊர் தெர்மோகோல் மாதிரி), உள்ளே மெல்லிய பிளைவுட், மூன்றையும் ஒட்டி ஒரே பலகையாக்கியது. கனமில்லாத, குளிர் தாங்கும் நல்ல சாமான். ஆனால் ஜன்னல் ஓரத்தில் ஒரு நூல் இடுக்கு விட்டால் போதும், தண்ணீர் அந்த அடுக்குக்குள் இறங்கி, யார் கண்ணிலும் படாமல் சுவருக்குள்ளேயே கீழே வந்து, தரை சேரும் இடத்தில் தலைகாட்டும். தரைமட்டத்தில் சுவர் வெட்டுப்பட்டிருக்கும் இடம் எது? வீல் ஆர்ச். பழி அதன் மேல் விழுகிறது.

அதனால் முதல் வேலை சோதனை. இருக்கையின் அடிப்பெட்டியைக் காலி செய்யுங்கள். கார்பெட்டை வெட்டி எறியுங்கள், அதற்கு மறுவாழ்வு கிடையாது. கொட்டகையில் கிடந்த வண்டி என்கிறீர்கள், அங்கே எலிக்கூடு நிச்சயம் இருக்கும். உலர்ந்த எலிப் புழுக்கையைக் கூட்டாதீர்கள், வாக்குவம் போடாதீர்கள். பிளீச் கலந்த தண்ணீர் தெளித்து, சற்று ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைத்தெடுங்கள். காட்டெலி வழியாக வரும் ஹான்டாவைரஸ் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. கார்பெட்டுக்கு அடியில் பழைய வினைல் தரை தெரிந்தால் அதையும் தேய்க்க வேண்டாம். அந்தக் காலத்து வினைலின் அடித்தாளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது உண்டு. ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு மேலே தொடருங்கள்.

பிறகு அந்த இடம் நன்றாகக் காயட்டும். மின்விசிறி ஒன்று, ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபயர் ஒன்று, ஒரு வாரம். காய்ந்தபின் சுவரும் வீல் ஆர்ச்சும் தரையும் சேரும் கோடு முழுக்கச் சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். பொடியில் தண்ணீர் ஓடினால் தடம் அப்படியே நிற்கும். உள்ளே கணவரை டார்ச்சோடு உட்கார வையுங்கள். நீங்கள் வெளியே தோட்டத்துக் குழாயை எடுத்து, வேகம் இல்லாமல், சாதாரண மழை விழுகிற மாதிரி, கீழிருந்து தொடங்கி மேலே ஏறுங்கள். ஜன்னலுக்குக் கீழே பத்து நிமிடம். பிறகு ஜன்னலின் அடிவிளிம்பு, பத்து நிமிடம். பிறகு பக்கங்கள், மேல்விளிம்பு. கடைசியில் கூரை ஓரமும் அங்கே இருக்கும் அடையாள விளக்குகளும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் தொட்டுக்கொண்டுதான் கீழே வரும், எது ஓட்டை என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரஷர் வாஷரைத் தொடவே தொடாதீர்கள். அது ஒழுகாத இடத்தையும் ஒழுக வைத்துவிடும்.

என் ஊகம் மேசைப் பக்கத்து ஜன்னல். ஐம்பது வருடத்துக்கு முன் வைத்த புட்டி இப்போது பிஸ்கட் மாதிரி நொறுங்கும். ஜன்னலை வெளியே எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, பியூட்டைல் டேப் (இறுகாத ரப்பர் பசை நாடா) வைத்துத் திரும்பப் பொருத்துவது ஒரு மதிய நேர வேலை. ஜன்னலின் அடிச்சட்டத்தில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் சிறு துளைகளை ஒரு கம்பியால் குத்தி விடுங்கள். வெளியே போக வேண்டிய தண்ணீருக்கு அது ஒன்றுதான் வழி. அந்தத் துளைகளை ஒழுக்கு என்று நினைத்துச் சீலன்ட் வைத்து அடைத்த வண்டிகளும் என்னிடம் வந்திருக்கின்றன.

சரி, மேலே முடிந்தது. இப்போது அடியில் குனிவோம்.

நான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பதினோரு வருடம் இருந்தவன். டவுன் பஸ்ஸில் பின்சக்கரத்து மேல் சீட்டில் மழைக்காலத்தில் உட்கார்ந்து போயிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும், திடீரென்று காலடியில் பீச்சியடிக்கும். வண்டி மணிக்கு 60 மைலில் போனால், டயரின் விளிம்பிலிருந்து தெறிக்கும் தண்ணீரும் அதே 60 மைல் வேகத்தில்தான் வீல் ஆர்ச்சின் தகரத்தில் மோதுகிறது. தண்ணீர் மட்டுமா? மணல், ஜல்லி, உங்கள் மாநிலத்தில் ஆறு மாதம் ரோட்டில் கொட்டும் உப்பு, எல்லாமும் சேர்ந்து. உங்கள் வண்டியில் பின்னால் இரட்டை டயர் வேறு. அந்த அடியை உள்ளிருந்து இழுத்த ஒரு கோடு சிலிகான் தாங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. தண்ணீர் வெளியிலிருந்து தள்ளும்போது, உள்ளே ஒட்டிய பசை உரிபட்டுத்தான் போகும். அது ஒட்டிக்கொண்டு நின்றாலும் ஆபத்துதான். மரம் அடியில் குடித்துக்கொண்டே இருக்கும், மேலே காய வழியில்லை. ஓடு ஒழுகினால் வீட்டுக்குள் பாத்திரம் வைக்கலாம். சரி பண்ண வேண்டும் என்றால் கூரை மேல்தான் ஏற வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றாமல் இந்த வேலை ஆகாது. இங்கேதான் எனக்குப் பயம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். அந்தக் காலத்து டாட்ஜ் மோட்டார் ஹோம் சேஸிஸ்களில் (வண்டியின் இரும்பு அடிச்சட்டம்) பலவற்றுக்கு பார்க்கிங் பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர் பாக்ஸுக்குப் பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்டில் இருக்கும். ஒரு பக்கப் பின்சக்கரத்தை மட்டும் தூக்கினால், டிஃபரன்ஷியல் (இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரப் பெட்டி) வழியாக அந்தச் சக்கரம் சும்மா சுற்றும். மறுபக்கம் தரையில் இருக்கும் சக்கரத்தை பிரேக் பிடிக்காது. கியரை பார்க்கில் போட்டாலும் இதே கதைதான். வண்டி உருளும். ஆகவே சமதளமான கான்கிரீட் தரையில், முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகுதான் ஜாக்கியைத் தொட வேண்டும். தூக்கியதும் சேஸிஸ் இரும்புக்கு அடியில் தகுந்த எடை தாங்கும் ஸ்டாண்ட். ஜாக்கியை நம்பி அடியில் நுழையாதீர்கள், ஒரு நிமிட வேலையாக இருந்தாலும்.

இன்னொன்று, நட்டு கழறவில்லை என்று பைப்பைச் செருகி ஏறி மிதிக்கும் முன் ஸ்டட்டின் (நட்டு ஏறும் புரிக்கம்பி) முனையைத் துடைத்துப் பாருங்கள். ஆங்கில எழுத்து எல் குத்தியிருந்தால் அது இடது புரி, தலைகீழாகச் சுற்ற வேண்டும். பழைய டாட்ஜ்களின் இடது பக்கத்தில் இது உண்டு. ரிம் ஒரே துண்டாக இல்லாமல், வளையம் வளையமாகச் சேர்த்த பழைய மாதிரி என்றால், சக்கரத்தைக் கழற்றலாம், ஆனால் டயரைப் பிரிக்கும் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளவே கூடாது. அந்த வளையம் தெறித்தால் ஆள் தப்புவது அரிது.

சக்கரம் வெளியே வந்ததும் அடியில் படுத்து விளக்கடித்துப் பாருங்கள். அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் பார்க்கக் கிடைப்பது இதுதான். துத்தநாகம் பூசிய தகரத்தில் வளைத்த பெட்டி. அதன் விளிம்பை வெளிப்புறம் மடித்து, தரைப் பிளைவுட்டின் மேலே உட்கார வைத்துத் திருகியிருப்பார்கள். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீரின் கண்ணால் பாருங்கள். அது கீழிருந்து மேலே அடிக்கிறது. பிளைவுட்டின் வெட்டுமுனை டயரைப் பார்த்து அம்மணமாக நிற்கிறது. பிளைவுட்டின் முகம் ஓரளவு தண்ணீர் தாங்கும், வெட்டுமுனை உறிஞ்சுகுழல். உங்கள் வீட்டில் ஒரு கை அகலத்துக்கு அமுங்குகிறது என்றால், அம்பது வருடம் அந்த முனை குடித்த தண்ணீர் அத்தனை தூரம் போயிருக்கிறது. ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில், தரையைப் பெயர்க்காமல் முடியாது. மொத்தத் தரையையும் பெயர்க்க வேண்டியதில்லை. ஆனால் அமுங்கும் பலகையின் மேல் எந்த மருந்தைப் பூசினாலும் திருகு பிடிக்காது. திருகு பிடிக்காத இடத்தில் சீலன்ட் நிற்காது. மெல்லிய எபாக்சியை (இரண்டு திரவம் கலந்தால் கல்லாக இறுகும் பிசின்) ஊற்றினால் உளுத்த மரம் கல்லாகிவிடும் என்று டப்பாவில் எழுதியிருப்பார்கள். விரல் நுனி அளவு இடத்துக்கு அது சரி. கை அகலத்துக்கு அது ஏமாற்று.

ஒரு குத்தூசியை எடுத்து மெத்தென்ற இடத்திலிருந்து வெளிப்புறமாகக் குத்திக்கொண்டே போங்கள். ஊசி நின்று பிடிக்கும் இடத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு வெளியே இன்னும் ஆறு அங்குலம் தள்ளி வெட்டுங்கள். வெட்டும் கத்தியின் ஆழத்தைப் பலகையின் தடிமனுக்கு மேல் விடாதீர்கள், அடியில் வயரும் கேஸ் குழாயும் ஓடும். மிச்சம் நிற்கும் மரத்தின் ஈரத்தை ஒரு மீட்டர் வாங்கி அளந்துவிடுங்கள், கடையில் மலிவாகவே கிடைக்கிறது. 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் இன்னும் காயட்டும். அதற்கு மேல் ஈரமிருக்கும் மரம் மூடிவைத்தால் உளுக்கும். நான் 15-க்குக் கீழே வராமல் எதையும் ஒட்டுவதில்லை.

புதுப் பலகை வாங்கப் போகும் கடையில் ஒருவர், "தண்ணீர் படும் இடமா, பச்சை நிற டிரீட்டட் பிளைவுட், உளுக்காமல் மருந்தேற்றியது, எடுத்துப் போங்கள்" என்பார். வாங்காதீர்கள். அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரங்களில் ஆர்செனிக் கலந்த பழைய மருந்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதில் வந்த மருந்துகளில் செம்பு அதிகம். செம்பு ஏறிய ஈர மரம் அலுமினியத்தையும் சாதா இரும்பையும் அரித்துத் தின்னும், உங்கள் வண்டியின் தோலே அலுமினியம். மரைன் பிளைவுட் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் வெளிப்புறப் பசை போட்ட நல்ல பிளைவுட் போதும், பழையதன் அதே தடிமனில். வெட்டுத்துண்டு சேரும் இடங்களில் அடியில் ஒரு தாங்குகட்டை கொடுங்கள்.

வெட்டுமுனைகளுக்கு மூன்று பூச்சு எபாக்சி. முதல் பூச்சை மரம் குடித்துக்கொள்ளும், கொடுங்கள், குடிக்கட்டும். அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே அடுத்தது. திருகுத் துளைகளுக்குப் படகு கட்டுகிறவர்களின் வழக்கம் ஒன்று உண்டு, கரூரை விட்டு வந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். துளையைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டு, கெட்டி எபாக்சியால் நிரப்பி, காய்ந்தபின் நடுவில் சரியான அளவுத் துளை போட வேண்டும். அப்புறம் திருகு மரத்தையே தொடாது, தண்ணீருக்கும் திருகு வழியாக உள்ளே போக வழியில்லை. கரூரில் இதைச் செய்திருந்தால் எத்தனை பஸ்ஸின் தரை தப்பியிருக்கும் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

தகரத்துக்கு வருவோம். மேல்துரு என்றால் கம்பி பிரஷ், துரு மாற்றும் மருந்து, எபாக்சி பிரைமர், அவ்வளவுதான். சில்லறைக் காசு அளவுக்கு ஓட்டைகள் இருந்தால் தகரத் துண்டை பாலியூரிதேன் பசையில் பதித்து, முனை மூடிய வகை ரிவெட் அடியுங்கள். வெல்டிங் வேண்டாம். பக்கத்துச் சுவரில் இருப்பது ஸ்டைரோஃபோம், ஒரு பொறி போதும். துத்தநாகம் பூசிய தகரத்தின் புகையும் உடம்புக்கு ஆகாது. பெட்டி சல்லடையாகிவிட்டது என்றால் புதிது செய்துகொள்வதே மேல். இதற்குக் கார் பாடிக் கடைக்குப் போகாதீர்கள். வீட்டு ஹீட்டருக்குக் காற்றுக்குழாய் வளைக்கும் தகரக்கடைக்குப் பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள். 18 கேஜ் துத்தநாகத் தகரம், ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர். அவர்களுக்கு அது அன்றாட வேலை, கூலியும் மட்டாக இருக்கும். உயரத்தைக் குறைத்துவிடாதீர்கள். இரட்டை டயர் பள்ளத்தில் இறங்கி மேலே ஏறும்போது அந்த இடைவெளி முழுக்கத் தேவைப்படும்.

இப்போது நீங்கள் கேட்ட சீலன்ட். முதலில் எது வேண்டாம் என்று. சிலிகான் வேண்டாம். குளியலறைக்கு அது நல்ல சாமான். அதன் மேல் பெயின்ட் பிடிக்காது, வேறு எந்தச் சீலன்ட்டும் பிடிக்காது, ஏன், புதுச் சிலிகானே பழைய சிலிகான் மேல் பிடிக்காது. உங்கள் கணவரின் இரண்டாவது கோட் அதனால்தான் உரிந்திருக்கும். என் சொந்த வண்டியிலேயே இதைச் செய்துவிட்டு ஒரு கோடைகாலம் முழுக்கச் சுரண்டிக்கொண்டிருந்தேன், அதனால் அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. அடித்த சிலிகான் ஒரு துளிகூட மிச்சமில்லாமல் போக வேண்டும். பிளாஸ்டிக் சுரண்டியால் ஒரு சுற்று, சிலிகான் நீக்கும் மருந்து, பிறகு உப்புத்தாள், கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் துடைப்பு. அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டால் சிலிகான் இன்னும் இருக்கிறது. பரந்தால் போய்விட்டது.

கூரைக்குப் போடும், தானாகப் பரவும் வகை லேப் சீலன்ட்டும் இங்கே ஆகாது. அது தட்டையான இடத்துக்கு. தலைகீழ் இடுக்கில் பூசினால் உங்கள் முகத்தில் வடியும்.

வேண்டியவை இரண்டு. பெட்டியின் மடிப்புக்கும் பலகைக்கும் நடுவே பியூட்டைல் டேப், ஒரு அங்குல அகலம், எட்டில் ஒரு அங்குலத் தடிமன். அது எப்போதும் இறுகாது, தகரமும் மரமும் வெயிலில் குளிரில் வெவ்வேறாக அசையும்போது கூடவே இழுபடும். கடையில் புட்டி டேப் என்று மலிவாக ஒன்று தருவார்கள், அது வேறு, நாளடைவில் காய்ந்து நொறுங்கும். விரலில் உருட்டி இழுத்துப் பாருங்கள். சூயிங்கம் போல நூலிழுத்தால் பியூட்டைல், பட்டென்று அறுந்தால் புட்டி. திருகுகள் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ். ஒரே மூச்சில் முடுக்கிவிடாதீர்கள். டேப் மெல்லப் பிதுங்கி வழிவிடும், அதனால் முதல் நாள் பாதி, மறுநாள் மிச்சம், ஒரு வாரம் கழித்து இன்னொரு சுற்று. விளிம்பு முழுக்க ஒரே சீராகப் பிதுங்கி நின்றால் காரியம் ஆயிற்று.

இரண்டாவது, அடியிலிருந்து, டயர் பக்கத்திலிருந்து, பாலியூரிதேன் சீலன்ட். சிகாஃபிளெக்ஸ் 221 எனக்குப் பழக்கம், கார் பாடிக்கு விற்கும் யூரிதேன் சீம் சீலர் எதுவும் இந்த வேலையைச் செய்யும். ஆனால் அதற்கு முன் ஒரு சின்ன வேலை. இதைச் செய்தால் இன்னொரு அம்பது வருடம் ஓடும் என்று தைரியமாகச் சொல்வேன். அந்த அம்மணமான பிளைவுட் முனைக்கு ஒரு சட்டை போடுங்கள். ஒரு பக்கம் ஒன்றரை அங்குலம், மறுபக்கம் பலகையின் தடிமனுக்குக் கொஞ்சம் கூட, எல் வடிவத்தில் வளைத்த துத்தநாகத் தகரப் பட்டை. அதே தகரக்கடையில் பெட்டியோடு சேர்த்து வளைத்து வாங்கிவிடலாம். உட்புறம் முழுக்கப் பாலியூரிதேன் தடவி, வெட்டுமுனையையும் பலகையின் அடிமுகத்தையும் அது மூடுகிற மாதிரி கீழிருந்து ஏற்றித் திருகுங்கள். ஓலை வேய்கிறவனுக்குத் தெரிந்த கணக்குத்தான் இது, தண்ணீர் வரும் திசையில் இருப்பது மற்றதன் மேல் கவிய வேண்டும். இங்கே தண்ணீர் கீழிருந்து வருகிறது, அதனால் கவிவதும் கீழிருந்து. பட்டையின் மேல்முனை பெட்டியின் தகரத்தைத் தொடும் மூலையில் கால் அங்குலத்துக்குக் குறையாத ஒரு கோடு பாலியூரிதேன், அறுபடாமல் ஒரே இழுப்பில்.

அதைச் சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் நீவுங்கள். ஆல்கஹால் தொட்டு நீவாதீர்கள், பலரும் செய்யும் தப்பு. ஆறாத பாலியூரிதேனில் ஆல்கஹால் பட்டால் அது இறுகவே இறுகாது, மாதக் கணக்கில் பிசுபிசுத்துக் கிடக்கும். துடைத்த ஆல்கஹால் முழுக்க ஆவியான பிறகே பூசத் தொடங்க வேண்டும் என்பதும் அதனால்தான். ஒரு நாளைக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் அது இறுகும், குளிரில் இன்னும் மெதுவாக. உங்கள் ஊரில் மே மாதத்திலும் ராத்திரி உறையும். வெப்பம் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும் நாளில் குழாயைத் திறக்காதீர்கள். பூசியபின் நாலு நாள் வண்டியை அசைக்க வேண்டாம்.

மேலே ஒரு காப்புப் பூச்சு. சீலன்ட்டையும் தகரத்தையும் ஜல்லி அடி படாமல் காப்பதற்குப் பிக்கப் டிரக்கின் பின்தட்டுக்கு அடிக்கும் இரண்டு கலவைப் பூச்சு எனக்குப் பிடிக்கும். தார் கலந்த ஸ்பிரே வேண்டாம், ஈரத்தை அடியிலேயே பூட்டிவைத்துவிடும். முழுக்கக் காய்ந்த இடத்தில் அதுவும் பரவாயில்லைதான், ஆனால் முழுக்கக் காய்ந்த பழைய வண்டியை நான் எங்கே கண்டேன்? வண்டியின் அடிச்சட்டத்தில் இருக்கும் வடிதுளைகளை மட்டும் பூச்சில் மூடிவிடாதீர்கள். பின்னால் நல்ல கனமான ரப்பர் மட்ஃபிளாப் மாட்டுங்கள்.

இத்தனை இடுக்கையும் அடைப்பதற்குத் தண்ணீரைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சைலன்சர் பைப்பும் வண்டியின் அடியில்தான் போகிறது. தண்ணீர் நுழையும் ஓட்டையில் புகையும் நுழையும். உங்கள் பிள்ளைகள் உட்காரப் போகும் இருக்கை அதற்கு மேலேதான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும், அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கைப் பக்கத்தில் மாட்டிவிட்டுத்தான் ஜூலையில் கிளம்ப வேண்டும். சைலன்சரையும் ஒரு முறை முழுக்கப் பார்த்துவிடுங்கள்.

ஜூலைக்கு முடியுமா என்றால், இந்த வாரம் தொடங்கினால் முடியும். காய வைக்க இரண்டு வாரம், மரவேலை இரண்டு சனி ஞாயிறு, சீலன்ட்டும் பூச்சும் ஒரு வாரம். தகரக்கடைக்காரர் இழுத்தடிப்பதற்கும் ஒரு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு எதையாவது விட வேண்டும் என்றால் புதுக் கார்பெட் போடுவதை விட்டுவிடுங்கள், மரம் காய்வதை விடாதீர்கள். கிளம்பும் முன் ஒரு மழை நாளில் முப்பது நாற்பது மைல் ஓட்டிப் பாருங்கள். வீல் ஆர்ச்சைச் சுற்றிலும் நியூஸ்பேப்பரை விரித்து, ஓரத்தை டேப்பால் ஒட்டிவிட்டு ஓட்டுங்கள். காகிதம் பொய் சொல்லாது. சொட்டு விழுந்தால் எந்த இடத்தில் என்று வட்டமாகக் காட்டிவிடும். அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

அப்புறம், வலது பக்கத்து ஆர்ச்சைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அதற்கும் இதே வயதுதான். இடது பக்கம் முடிந்து கை பழகியிருக்கும்போதே அதையும் திறந்து குத்தூசி போட்டுப் பாருங்கள். அடுப்பு அந்தப் பக்கம் இருந்தால் கேஸ் குழாய் எங்கே போகிறது என்று முதலில் குனிந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு திருகை முடுக்குங்கள்.